எட்டரை மணி உறைவு: ஒரு பால் சங்கமும் அதன் தொலைதூரத் தரவுத்தளமும்

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் இயங்கும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குச் செயலி, ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணியளவில் உறைந்து நின்றது. அதிகாலை ஐந்தரைக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் அதே செயலி வேறொரு விதமாக இடறியது: முதல் பதிவுக்குத் திரையில் ஒரு சிவப்பு வரி தோன்றும், மறுமுறை அழுத்தினால் பதிவு ஏறிவிடும். அலுவலகத்தில் இருந்தோர் இவற்றை இரண்டு வெவ்வேறு பழுதுகளாகவே எண்ணியிருந்தனர். இரண்டும் ஒன்றே என்று அறிய எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. அந்த நான்கு நாட்களில், பழுதைத் தீர்ப்பதற்காக முன்பு திறந்துவிடப்பட்ட ஒரு கதவு, பழுது தீராமலேயே திறந்து கிடப்பதும் தெரியவந்தது. இந்த ஆய்வை எழுதுவதற்கு உறைவை விட அந்தக் கதவே பெரிய காரணம்.

பின்னணி

சங்கத்தின் தரவுத்தளம் முதலில் அலுவலகக் கணினியிலேயே இருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், அந்தக் கணினியின் வன்தட்டு பழுதாகி, இரண்டு வாரக் கணக்கைக் கொப்பியிலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகு தரவு சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சேவையகத்திற்கு மாற்றப்பட்டது. செயலி மட்டும் அலுவலகத்திலேயே தங்கியது. நிறுவைக் கருவியும் பற்றுச்சீட்டு அச்சிடும் பொறியும் அதனோடு கம்பியால் இணைந்திருந்தன, குளிரூட்டித் தொட்டிக்காக ஓடும் மின்பிறப்பாக்கி பால் எடுக்கும் நேரத்தில் கணினிக்கும் மின்சாரம் தந்தது. அந்த முடிவில் நான் குறை காணவில்லை. அன்றைய நிலையில் தரவைக் காப்பாற்றிய முடிவு அது.

ஆகவே லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு இயங்கும் ஒரு சிறிய கணினியில் பைத்தான் நிரல்மொழியில் எழுதிய செயலி. அதற்கு முன்னால், திரையிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்குக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ். தரவுத்தளத்தோடு பேச எஸ்க்யூஎல்அல்கெமி, பைமைஎஸ்க்யூஎல் என்ற இரு நிரல் நூலகங்கள். மறுமுனையில் மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற தரவுத்தள மென்பொருள், இடையில் ஒரு 4ஜி ரவுட்டர். நேர்கோட்டில் அளந்தால் யாழ்ப்பாணத்திற்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், போய் வருவதற்கு மட்டும் 28 மில்லி வினாடி வேண்டும். எங்கள் 4ஜி வழியில் அது 60ஐத் தாண்டியது. ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாக இணைப்பு ஏற்படுத்தினால் இரு முனைகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் கைகுலுக்கலுக்கே நான்கைந்து சுற்றுப் போய்வர வேண்டும் என்பதால், செயலி ஐந்து இணைப்புகளைத் திறந்து கையிருப்பில் வைத்துக்கொண்டிருந்தது. பழுது இந்தக் கையிருப்பில்தான் இருந்தது.

பாலின் நேரமும் பழுதின் நேரமும்

முதல் நாள் நான் கணினியைத் தொடவில்லை. பதிவுப் பிரிவில் இருக்கும் தங்கை ஒரு கொப்பியில் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று மூன்று மாதமாகக் குறித்து வைத்திருந்தார், அதைத்தான் வாசித்தேன். இந்த விசாரணையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதிவேடு அந்தக் கொப்பியே. வலிகாமத்துப் பால் ஐந்தரைக்கு வரத் தொடங்கி ஏழு மணிக்குள் முடிந்துவிடும். தென்மராட்சிப் பால் லொறியில் கைதடி–கோப்பாய் வீதியால் எட்டரைக்கு வந்து சேரும். பிறகு பிற்பகல் மூன்றரை வரை யாரும் செயலியைத் தொடுவதில்லை. "அண்ணா, லொறிப் பாலுக்குத்தான் இது நிக்குது. நாலைஞ்சு தரம் திருப்பித் திருப்பி அமத்தினால் பிறகு ஓடும்" என்றார் அவர். முகாமையாளர் லொறியில் வரும் தரவில்தான் ஏதோ கோளாறு என்று நம்பி, தென்மராட்சி உறுப்பினர்களின் பெயர்களை ஒருமுறை முழுவதுமாக மீண்டும் ஏற்றச் செய்திருந்தார்.

கொப்பியில் நான் கண்டது இடைவெளிகளின் நீளம். ஒன்றரை மணித்தியால இடைவெளிக்குப் பின் உறைவு. ஏழு மணித்தியாலத்துக்குப் பின்னும் இரவு முழுவதற்கும் பின்னும் உடனடிப் பிழை. சும்மா இருந்த நேரம் கூடும்போது பழுது கடுமையாகாமல் இலேசாகிறது என்பது முதலில் விந்தையாகத் தோன்றியது.

செயலியின் பதிவேடும் இதையே வேறு மொழியில் சொன்னது. அதிகாலையிலும் பிற்பகலிலும் பிழை இலக்கம் 2006: சேவையகம் போய்விட்டது என்பது அதன் பொருள். எட்டரை மணிக்கு 2013: வினவலின் நடுவில் இணைப்பு இழக்கப்பட்டது. ஆனால் 2013 பதிவான நேரம் எட்டரை அல்ல, எட்டே முக்கால் தாண்டி. என்ஜின்எக்ஸ் 60 வினாடியில் பொறுமையிழந்து 504 என்ற காலாவதிப் பிழையைத் திரைக்கு அனுப்பிவிட்டதால், பின்னால் செயலி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை எவரும் பார்த்திருக்கவில்லை. கோரிக்கை தொடங்கிய நேரத்தையும் பிழை பதிவான நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் பதினைந்தரைக்கும் பதினேழுக்கும் இடைப்பட்ட நிமிடங்கள்.

லினக்ஸில் இந்த அளவு ஓர் அடையாள முத்திரை. அனுப்பிய பொதிக்கு, அதாவது தரவுத் துண்டுக்கு, பதில் வராவிட்டால் லினக்ஸ் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு முறையும் காத்திருப்பை இரட்டிப்பாக்கும். இயல்பான அமைப்பில் 15 முறை முயன்ற பின்னரே கைவிடும். அந்தக் கணக்கின் கீழ் எல்லை 924.6 வினாடி, அதாவது 15 நிமிடமும் 24 வினாடியும். ஆகவே சிங்கப்பூர்ச் சேவையகம் மறுக்கவுமில்லை, தாமதிக்கவுமில்லை. எங்கள் பொதிகள் அங்கே போய்ச் சேரவேயில்லை. இடையில் யாரோ ஓசையின்றி அவற்றைக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இணைப்புப் பிழைகளை ஆராய்வோர் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டையே என்று நான் கருதுகிறேன். 111 என்ற இலக்கத்தோடு உடனே மறுப்பு வந்தால் அந்த இயந்திரம் உயிரோடிருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில், அதாவது சேவைக்குரிய இலக்கமிட்ட வாசலில், கேட்பார் இல்லை. 1045 அல்லது 1130 வந்தால் தரவுத்தளமே நம்மோடு பேசிவிட்டது. சிக்கல் கடவுச்சொல்லிலோ அனுமதியிலோ இருக்கிறது. 110 வந்தால் பொதி பாதியில் காணாமற் போயிருக்கிறது. இவை மூன்றையும் "இணைப்பு இல்லை" என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குக் கொடுக்கப்படுகிறது.

பொதிகளைப் போட்டது யார் என்பதை ரவுட்டரின் நிலைப் பக்கம் காட்டியது. அதன் வெளிப்புற முகவரி 100.64 இலிருந்து 100.127 வரையான வீச்சுக்குள் இருந்தது. அந்த வீச்சு, சேவை வழங்குநர்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012 இல் ஒதுக்கப்பட்டது. அத்தகைய முகவரி மாற்றி, யார் யாரோடு பேசுகிறார் என்ற அட்டவணையொன்றை வைத்திருக்கும். சில நேரம் பேச்சு இல்லையெனில் அந்த வரியை அழித்துவிடும். நிலைபெற்ற இணைப்பை 2 மணித்தியாலம் 4 நிமிடத்திற்கு முன் அழிக்கக் கூடாது என்று 2008 இல் வெளியான ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தர ஆவணம் விதிக்கிறது. நடைமுறையில் பலர் அதைப் பேணுவதில்லை. ஓர் இணைப்பைத் திறந்து இரண்டு நிமிடம் சும்மா விட்டுப் பேசிப் பார்த்தேன், பிறகு நான்கு, எட்டு, ஆறு, ஐந்து என்று மாற்றிப் பார்த்தேன். ஐந்து நிமிடம் வரை உயிர் இருந்தது; ஆறாவது நிமிடத்தில் இல்லை.

இப்போது இரண்டு முகங்களும் ஒன்றாகின. லினக்ஸ் சும்மா இருக்கும் இணைப்பை 7,200 வினாடிக்குப் பின் உயிர்ப்புச் சோதனையால் தட்டிப் பார்க்கும். 75 வினாடிக்கு ஒன்றாக 9 முறை தட்டியும் பதில் இல்லையெனில் இறந்ததாகக் குறித்துவிடும். மொத்தம் 2 மணித்தியாலம் 11 நிமிடம் 15 வினாடி. இடைவெளி அதைவிட நீளமானால், காலையில் செயலி கையிலெடுப்பது இறந்தது என்று ஏற்கனவே தெரிந்த இணைப்பு. பிழை உடனே வரும், எஸ்க்யூஎல்அல்கெமி கையிருப்பு முழுவதையும் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். இடைவெளி ஒன்றரை மணித்தியாலமானால், ஐந்தும் இறந்திருக்கும், ஆனால் கணினிக்கு அது தெரியாது. ஐந்து பேர் ஐந்து இறந்த இணைப்புகளில் மாட்டிக்கொள்வார்கள், ஆறாவது கோரிக்கைக்குப் புதிய இணைப்பு திறக்கும், பதிவு ஏறும். "நாலைஞ்சு தரம் அமத்தினால் ஓடும்" என்று தங்கை சொன்னது துல்லியமான அவதானிப்பு.

திறந்து கிடந்த கதவு

உறைவை நேரில் பார்ப்பதற்காக இரண்டாம் நாள், வலையில் போகும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டிருந்தேன். எட்டரைக்கு முன் சாதாரணமாக ஏறிய ஒரு பதிவு திரையில் ஓடியது. தமிழ்ப் பெயர் மூன்று மூன்று பைட்டுகளாக உடைந்து புள்ளிகளாகத் தெரிந்தது. அதனருகே ஒன்பது இலக்கமும் ஒரு வி எழுத்தும். அதன் பின் ஒரு வங்கிக் கணக்கு இலக்கம். எந்த உறையும் இல்லாமல், ஆய்வு செய்யும் எனக்கு எப்படித் தெரிந்ததோ, அப்படியே வழியிலுள்ள எவருக்கும் தெரியக்கூடியதாக அவை போய்க்கொண்டிருந்தன. ஒன்றோ இரண்டோ பசு வைத்திருக்கும் ஒருவரின் அடையாள அட்டை இலக்கம் அது. அந்த இடத்தில் நான் உறைவை ஒதுக்கி வைத்தேன்.

சிங்கப்பூர்ச் சேவையகத்தில் மைஎஸ்க்யூஎல் 0.0.0.0 இல், அதாவது எல்லா முகவரியிலும், கேட்டுக்கொண்டிருந்தது. மேகச் சேவையின் தீச்சுவரில், அதாவது வரும் இணைப்புகளை வடிகட்டும் காவலில், மைஎஸ்க்யூஎல்லின் போர்ட் 3306 உலகம் முழுவதற்கும் அனுமதிக்கப்பட்டிருந்தது. செயலியின் பயனர் கணக்கில் இடத்தைக் குறிக்கும் பகுதியில் % குறி இருந்தது. எங்கிருந்தும் வரலாம் என்பது அதன் பொருள். அந்தக் கணக்கிற்கு எல்லா அதிகாரங்களும் வழங்கப்பட்டிருந்தன. கடவுச்சொல் செயலியின் நிரல் கோப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

எனக்கு முன் இதைப் பார்த்தவர் கவனமற்றவர் அல்லர். அவர் முதலில் அலுவலகத்தின் பொது முகவரியை மட்டுமே அனுமதித்திருந்ததற்குத் தீச்சுவரில் தடயம் இருந்தது. 4ஜி முகவரி மாறியவுடன் எல்லாம் நின்றிருக்கும்; லொறி வாசலில் நிற்க, பால் புளிக்கத் தொடங்க, அவர் திறந்துவிட்டிருப்பார். அந்த நிலையில் பலரும் அதையே செய்திருப்பர். ஆனால் திறந்த பின்னும் எட்டரை மணி உறைவு தொடர்ந்தது. அதன் காரணம் அனுமதியில் இல்லை என்பதற்கு அதுவே சான்று. அப்போதே மீண்டும் மூடியிருக்க வேண்டும். பழுதைத் தீர்க்காத திருத்தத்தைத் திரும்பப் பெறுவது திருத்தத்தின் ஒரு பகுதி. நம் தொழிலில் அதை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். முகவரியைக் கொண்டு அனுமதிப்பதும் இங்கே உண்மையான காவல் ஆகாது: அதே பொது முகவரிக்குப் பின்னால் முன்பின் தெரியாத பல வாடிக்கையாளர் இருக்கின்றனர், அந்த முகவரிக்குத் திறக்கும் கதவு அவர்களுக்கும் திறக்கும்.

மைஎஸ்க்யூஎல் தன் இயல்பு அமைப்பில் தோல்வியுற்ற உள்நுழைவுகளைப் பதிவதில்லை. பதிவின் அளவை 3 ஆக உயர்த்தி ஓரிரவு விட்டேன். விடிய, முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கான ரூட் என்ற பெயரில், எமக்கு எந்தத் தொடர்புமில்லாத முகவரிகளிலிருந்து முயற்சிகள் வரிசையாக நின்றன.

செய்தவை

இருக்கும் இடத்தை நம்பாமல் வைத்திருக்கும் சாவியை நம்பும் வழி வேண்டியிருந்தது. 2020 மார்ச் முதல் லினக்ஸ் கருவுக்குள்ளேயே இருக்கும், இரு கணினிகளுக்கிடையே மறைகுறியாக்கிய சுரங்கம் அமைக்கும் வயர்கார்ட் அதற்குப் பொருத்தமானது. அலுவலகக் கணினிக்கும் சிங்கப்பூர்ச் சேவையகத்திற்கும் தனித்தனிச் சாவிச் சோடிகளை உருவாக்கினோம். முகவரி எத்தனை தரம் மாறினாலும் சரியான சாவியோடு வரும் பொதியைச் சேவையகம் அடையாளம் கண்டுகொள்ளும். சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொதி அனுப்பும்படி அமைத்ததால், முகவரி மாற்றியின் அட்டவணையில் எங்கள் வரி அழியவில்லை. உறைவின் வேரும் அங்கேயே அறுந்தது.

அதன் பின் மைஎஸ்க்யூஎல்லை, அந்தச் சேவையகத்துக்குள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய 127.0.0.1 இலும் சுரங்கத்தின் உள்முகவரியிலும் மட்டும் கேட்கச் செய்து, 3306ஐத் தீச்சுவரில் மூடினோம். மீள்தொடக்கத்தின்போது சுரங்கம் எழும்புவதற்கு முன் மைஎஸ்க்யூஎல் எழும்பினால் அந்த முகவரியே இருக்காது. அது 99 என்ற பிழையோடு நின்றுவிடும். முதல் மீள்தொடக்கத்திலேயே அது நடந்தது. சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியில் வரிசையைக் குறிப்பிட்டதும் சரியாயிற்று.

அடுத்த நாள் புதியதொரு உறைவு வந்தது. பதிவுகள் ஏறின, பதினைந்து நாள் கொடுப்பனவுப் பட்டியலைக் கேட்டால் மட்டும் எதுவும் வரவில்லை. சிறியது போகிறது, பெரியது நிற்கிறது என்றால் பொதியின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். துண்டாடக் கூடாது என்ற கட்டளையோடு பிங் என்ற சோதனைப் பொதியை அனுப்பிப் பார்த்ததில் 1,372 பைட்டு சென்றது, அதற்கு மேல் செல்லவில்லை. தலைப்பின் 28ஐயும் கூட்டினால் அந்த வழியின் எல்லை 1,400. வயர்கார்ட் இயல்பாக 1,420 எடுத்துக்கொண்டு, வெளியுறையோடு 1,480 ஆக அனுப்பிக்கொண்டிருந்தது. 1,340 ஆகக் குறைத்தோம்.

செயலியின் பக்கத்தில், கையிலெடுக்கும் முன் இணைப்பைச் சோதிக்கும் வசதியைப் போட்டால் போதும் என்பது பலர் தரும் அறிவுரை. இந்த நிகழ்வில் அது மட்டும் உதவியிராது. சோதனைக்காக அனுப்பும் பொதியும் அதே இறந்த வழியில் சென்று அதே பதினைந்து நிமிடம் காத்திருக்கும். ஆகவே 240 வினாடிக்கு மேல் பழைய இணைப்பைக் கழித்துவிடவும், பதிலுக்காக 20 வினாடிக்கு மேல் காத்திருக்காமலிருக்கவும் அமைத்தோம். சோதனை வசதியை அவற்றோடு சேர்த்தே இயக்கினோம்.

இந்த 20 வினாடி வேறொரு கேள்வியை எழுப்பியது. இதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். பழைய உறைவில் வினவல் சேவையகத்தை எட்டவேயில்லை என்பதால், ஐந்து முறை அழுத்தினாலும் ஒரு பதிவே ஏறியது. தங்கையின் கொப்பியையும் தரவுத்தளத்தையும் ஒரு மாதத்துக்கு ஒப்பிட்டு அதை உறுதி செய்தேன். இனி அப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. பதிவு அங்கே ஏறி, பதில் மட்டும் வழியில் தொலைந்தால், இங்கே பிழை தெரியும். மறுமுறை அழுத்தினால் எட்டு லீற்றர் பதினாறாகும். சங்கத்தின் பணம் அது, அல்லது பின்னர் கண்டுபிடித்துக் கழிக்கும்போது உறுப்பினரின் மனவருத்தம். எனவே பற்றுச்சீட்டு இலக்கத்தை அலுவலகக் கணினியே பதிவுக்கு முன் உருவாக்கி, தரவுத்தளத்தில் அந்த இலக்கம் இருமுறை வர முடியாதபடி தனித்துவச் சாவி இட்டோம். பால் எடுக்கும் நேரத்தில் வேண்டுமென்றே ரவுட்டரை நிறுத்தி இயக்கிப் பார்த்தோம். மூன்று முறை அழுத்திய பதிவு ஒருமுறையே ஏறியிருந்தது.

பயனர் கணக்கு மூன்றாகப் பிரிந்தது. செயலிக்கு வாசிக்கவும் சேர்க்கவும் திருத்தவும் மட்டும், சுரங்கத்தின் அலுவலக முகவரியிலிருந்து மட்டும். அட்டவணை அமைப்பை மாற்றுவதற்கு ஒன்று, காப்புப் பிரதிக்கு ஒன்று. கடவுச்சொல் நிரலிலிருந்து நீங்கி, செயலியின் பயனர் மட்டுமே வாசிக்கக்கூடிய கோப்புக்குச் சென்றது; பழையது மாற்றப்பட்டது. சுரங்கத்துக்குள்ளும் டிஎல்எஸ் மறைகுறியாக்கத்தைக் கட்டாயமாக்கினேன். மைஎஸ்க்யூஎல் தானே உருவாக்கும் சான்றிதழில் சேவையகத்தின் பெயர் இராது. ஆதலால் சான்றளித்த மூலச் சான்றிதழின் பிரதியை அலுவலகத்தில் வைத்து, அதைக் கொண்டு சரிபார்க்கச் செய்தோம். சரிபார்க்காத மறைகுறியாக்கத்தில், மறுமுனையில் யார் என்று தெரியாமலே இரகசியம் பேசுகிறோம்.

பணிப்பாளர் சபையின் முன்

வேலை முடிந்த வாரத்தில் பணிப்பாளர் சபை என்னை அழைத்தது. தலைவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "தம்பி, இவ்வளவு நாளும் வேற ஆரும் உள்ள வந்து பார்த்தவையோ?"

தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொன்னேன். தரவுத்தள மாற்றங்களைக் குறித்து வைக்கும் இருமப் பதிவேடு 30 நாளுக்குரியதே இருந்தது. அந்த 30 நாளில் செயலி செய்யாத மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பதிவேடு எழுதப்பட்டதைக் காட்டுமேயன்றி வாசிக்கப்பட்டதைக் காட்டாது. அதற்கு முந்திய காலத்துக்கு உள்நுழைவுப் பதிவும் இல்லை, வலையமைப்புப் பதிவும் இல்லை. ஆகவே எவரும் பார்க்கவில்லை என்று என்னால் கையெழுத்திட முடியாது என்றேன். ஒருவர், அப்படியானால் பேசாமல் விடலாமே, உறுப்பினர்கள் வீணாகப் பயப்படுவார்கள் என்றார். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விபரங்களை வைத்திருப்போர் மீது பொறுப்புச் சுமத்துகிறது என்பதை நினைவூட்டினேன். அதைவிட, கணக்கு இலக்கம் தந்தவர் தன் வங்கிப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளும் வாய்ப்பை நாம் மறுக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

தலைவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, உறுப்பினர் எல்லோருக்கும் தெரிவிப்பது என்றும், வங்கிக் கணக்கை மாற்ற விரும்புவோருக்குச் சங்கமே கடிதம் கொடுப்பது என்றும் தீர்மானித்தார்கள். என்ன நடந்தது, எந்த விபரங்கள் திறந்திருந்தன, எதைச் சரிபார்க்க வேண்டும் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அது எல்லாச் சேகரிப்பு நிலையங்களிலும் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. வாசிக்க இயலாத முதியவர்களுக்குப் பால் அளப்பவர்களே வாசித்துச் சொன்னார்கள்.